நீண்ட ஆங்கிலச் சொல்: எங்கே பிரிப்பது, எங்கே அழுத்துவது?

கேள்வி: என் மகன் தொடக்கநிலை 6-இல் படிக்கிறான். ஆங்கில வாய்மொழித் தேர்வுக்கு வாசித்துப் பழகும்போது 'ரிஸ்பான்ஸிபிலிட்டி' போன்ற சொற்களில் தடுமாறுகிறான். எப்படிச் சொல்லித் தருவது?
– ஒரு தாயார், சுவா சூ காங்

பதில்: எழுத்துகளை விட்டுவிட்டு உயிரொலிகளை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். ஓர் உயிரொலிக்கு ஒரு கைத்தட்டு: ரி-ஸ்பான்-ஸி-பி-லி-டி. ஆறு அசை. மோவாயின்கீழ் கைவைத்து எண்ணும் வழக்கமும் உண்டு. இகரம் நிறைந்த இச்சொல்லுக்கு அது உதவாது, தாடை அவ்வளவாக இறங்காது. யாப்பு படித்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'மலர்' நமக்கு ஒரே நிரையசை. ஆங்கிலக் கணக்கில் இரண்டு.

பிரிப்பதைவிட அழுத்தம்தான் சிக்கல். தமிழில் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறாது என்பதால், ஆறுக்கும் ஒரே எடை கொடுத்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் சொல்லின் வாலைப் பார்க்க வேண்டும். 'இட்டி' என்று முடிந்தால் அதற்கு நேர்முந்தைய அசையில் அழுத்தம். 'ரிஸ்பான்ஸிபிள்' என்பதில் 'ஸ்பான்' மீது இருந்தது, 'இட்டி' சேர்ந்ததும் 'பி'க்கு நகர்கிறது. 'எலெக்ட்ரிக்'கில் 'லெக்', 'எலெக்ட்ரிஸிட்டி'யில் 'ட்ரி'. 'ஷன்', 'இக்' வால்களும் பெரும்பாலும் இப்படியே: 'கம்யூனிகேஷ'னில் 'கே'. 'டெலிவிஷன்' விலக்கு, அதில் முதல் அசை. 'மென்ட்' வாலோ அழுத்தத்தை நகர்த்தாது.

அழுத்துவது என்றால் கத்துவதல்ல. அந்த அசையைச் சற்று நீட்டி, குரலை உயர்த்தி, மற்றவற்றைச் சுருக்க வேண்டும். 'நாடு' என்பதன் கடைசி உகரம் குற்றியலுகரமாகி அரை மாத்திரைக்குக் குறைகிறதே, அதுபோல 'ஸி', 'லி' இரண்டும் குறுக வேண்டும். பிள்ளைகள் 'பி'யை உரக்கச் சொல்லிவிட்டு மற்றவற்றைச் சுருக்க மறப்பார்கள். வாசிப்பு அதட்டல் போல ஒலிக்கும்.

பயிற்சியைப் பின்னாலிருந்து தொடங்குங்கள்: டி, லிடி, பிலிடி, ஸிபிலிடி, ஸ்பான்ஸிபிலிடி, பிறகு முழுச்சொல். ஒவ்வொன்றும் மூன்று முறை. முன்னாலிருந்து போனால், அழுத்தம் விழும் இடத்துக்கு வருவதற்குள் தயக்கம் வந்துவிடும். பின்னாலிருந்து வந்தால் மூன்றாம் படியிலேயே அது நாக்கில் பதிந்துவிடும்.

ஐயமிருந்தால் அகராதியின் ஒலிப்புக் குறிப்பைப் பாருங்கள். மேலே நிற்கும் சிறு கோடு, தனக்கு அடுத்து வரும் அசைக்குரியது. முந்தையதற்கு என்று பலர் தவறாகக் கொள்கிறார்கள். கீழே நிற்கும் கோடு இரண்டாம்நிலை அழுத்தம், இங்கே 'ஸ்பான்' மீது. தலைச்சொல்லின் நடுவே தெரியும் புள்ளிகளை நம்பிப் பிரிக்காதீர்கள். பல அகராதிகளில் அவை வரி முடிவில் சொல்லை உடைப்பதற்கானவை.