மூன்று வருட தாவரவியல் பட்டத்தோடு ஐரோப்பாவில் எம்.எஸ்சி. கிடைக்குமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியல் முடித்திருக்கிறேன். 72 சதவீதம், ஒரு அரியர் இருந்தது, எழுதி எடுத்துவிட்டேன். நெதர்லாந்திலோ ஜெர்மனியிலோ எம்.எஸ்சி. பிளான்ட் சயின்ஸ் படிக்க ஆசை. மூன்று ஏக்கர் நிலம் இருக்கிறது, அதை வைத்துக் கடன் வாங்கலாம் என்கிறார் அப்பா. இந்த செப்டம்பரே அனுப்பிவிடுகிறோம் என்கிறார்கள் கன்சல்டன்சியில். என்ன செய்யட்டும்?

பதில்: இந்த செப்டம்பரை விட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் தொடங்கும் ஜெர்மன் படிப்புகளுக்கு இப்போதே வேலையை ஆரம்பித்தால் உங்கள் மதிப்பெண்ணுக்கு நல்ல வாய்ப்பு உண்டு. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகம் இந்தத் துறையில் முன்வரிசையில் நிற்பது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு அங்கே ஆண்டுக் கட்டணமே 20,000 யூரோவைத் தாண்டும். படிப்பு இரண்டு ஆண்டு. உதவித்தொகை கையில் வந்தால் மட்டும் அங்கே போங்கள்.

நாட்டையும் பல்கலைக்கழகப் பெயரையும் பார்ப்பதற்கு முன் உங்கள் மார்க் ஷீட்டை எடுத்து வையுங்கள். தாவர அறிவியல் முதுநிலைக்கு வரும் விண்ணப்பங்களில் பல, மதிப்பெண் போதாமல் அல்ல, பாடம் பொருந்தாமல் நிராகரிக்கப்படுகின்றன. பிளான்ட் சயின்ஸ் என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே மூன்று தனித்தனி வழிகள் உண்டு: மரபியலும் பயிர் இனப்பெருக்கமும் ஒன்று, பயிர் உற்பத்தியும் தோட்டக்கலையும் இன்னொன்று, நோய்–பூச்சி மேலாண்மை மற்றொன்று. ஜெர்மனியில் ஹோஹன்ஹைம் பல்கலைக்கழகத்தின் கிராப் சயின்சஸ், பான் பல்கலைக்கழகத்தின் பிளான்ட் சயின்சஸ், கோட்டிங்கனின் கிராப் புரொடெக்‌ஷன் எல்லாமே ஆங்கிலவழிப் படிப்புகள். ஒவ்வொன்றும் எதிர்பார்க்கும் அடிப்படைப் பாடங்கள் வேறு. மண்ணியலும் பயிரியலும் கேட்கும் இடத்தில் தாவரவியல்காரர் திணறுவார். மரபியல், தாவர உடலியல், உயிர்வேதியியல், நோயியல் கேட்கும் இடத்தில் அவர் பட்டம் எடுபடும். அந்த மூன்று வழிகளில் உங்களுக்கு முதலாவதும் மூன்றாவதும்தான் சரி.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். நம் மூன்று வருடப் பட்டத்துக்கு மொத்தம் 140 கிரெடிட். ஐரோப்பாவில் மூன்று வருடத்துக்கு 180 ஈசிடிஎஸ் (அங்குள்ள கிரெடிட்டுக்கு அதுதான் பெயர்). அதாவது நம்முடைய ஒரு கிரெடிட், அங்கே ஏறத்தாழ 1.3. இந்த 140-இல் தமிழும் ஆங்கிலமும் பொதுப் பாடங்களும் கழிந்துவிடும்; பகுதி மூன்றில் வரும் முதன்மைப் பாடங்களும் அல்லைட் பாடங்களும்தான் நிற்கும். அல்லைட் கெமிஸ்ட்ரி என்று மட்டும் மார்க் ஷீட்டில் இருந்தால் உள்ளே என்ன படித்தீர்கள் என்று அங்கே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? புள்ளியியல் இன்னும் மோசம். தாவரவியலில் அது பெரும்பாலும் தனித் தாளாக இருக்காது. ஏதாவது ஒரு தாளின் ஐந்து யூனிட்டில் ஒன்றாக ஒளிந்திருக்கும். அதனால் ஒவ்வொரு தாளுக்கும் ஐந்தாறு வரியில் பாட விவரம் தயாரியுங்கள்: தாளின் பெயர், கிரெடிட், வகுப்பு நேரம், யூனிட் வாரியாக என்ன, ஆய்வகம் எத்தனை மணி. பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் இருப்பதையே எடுங்கள், சொந்தமாகச் சேர்க்காதீர்கள். கல்லூரி முதல்வரிடமோ துறைத் தலைவரிடமோ முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். சலிப்பான வேலைதான், பத்து நாள் இழுக்கும். ஆனாலும் மோட்டிவேஷன் லெட்டருக்குச் செலவிடும் நேரத்தைவிட இதற்குச் செலவிடும் நேரம் பலன் தரும்.

மூன்று வருடப் பட்டம் என்பதால் பயப்பட வேண்டாம். 180 ஈசிடிஎஸ் கேட்கும் படிப்புக்கு அது பொதுவாகச் செல்லும். 210 கேட்கும் படிப்புக்குச் செல்லாது. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் நான்கு வருடப் பட்டம் கேட்பதால் இப்போதைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

உங்கள் 72 சதவீதம் ஜெர்மன் அளவில் எவ்வளவு? உச்ச மதிப்பெண்ணிலிருந்து நீங்கள் எடுத்ததைக் கழித்து, அதை உச்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். உச்சம் 100, தேர்ச்சி 40 என்றால் 28-ஐ 60-ஆல் வகுத்து மூன்றால் பெருக்க 1.4, ஒன்று கூட்ட 2.4. அங்கே எண் குறையக் குறைய நல்லது. 2.5-க்குள் கேட்கும் படிப்புகள் நிறைய. நீங்கள் விளிம்பில் உள்ளே நிற்கிறீர்கள். தேர்ச்சி மதிப்பெண் 40 என்பது மார்க் ஷீட்டின் பின்பக்கத்திலோ டிரான்ஸ்கிரிப்டிலோ அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதற்கும் ஒரு சான்று வாங்குங்கள். ஒரு அரியர் பெரிய விஷயமே இல்லை.

இனி பணம். ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது, செமஸ்டருக்குச் சில நூறு யூரோ பங்களிப்பு மட்டும். விதிவிலக்கு உண்டு. ஹோஹன்ஹைம் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து கட்டணம் வாங்குகிறது. பானில் இல்லை.

விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்ட் என்ற முடக்கக் கணக்கில் பணம் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ. யூரோ 100 ரூபாய் என்றால் சுமார் 12 லட்சம். இது கட்டணம் அல்ல, உங்கள் பணம். அங்கே போனதும் மாதம் 992 யூரோவாகத் திரும்ப உங்களுக்கே வரும். பல வீடுகளில் தப்புக்கணக்கு போடுவது இங்கேதான்: 12 லட்சம் முதல் ஆண்டுக்கு மட்டும். இரண்டாம் ஆண்டு குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போது மறுபடியும் வாழ்க்கைச் செலவுக்கு வழி காட்ட வேண்டும். ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம் என்பது கைகொடுக்கும். ஆனால் வேர்களைக் கழுவி எடை போடும் ஆய்வகப் பருவத்தில் பகுதிநேர வேலைக்கு நேரம் கிடைப்பது கஷ்டம்.

அந்த மூன்று ஏக்கர் விஷயத்துக்கு வருவோம். கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாகச் சொத்து அடமானம் கேட்கும். விவசாய நிலத்தை அதற்கு வைத்துக்கொள்ள வங்கிகள் தயங்குகின்றன. கடன் திரும்பாவிட்டால் நீதிமன்றம் போகாமலே சொத்தை எடுக்க வங்கிக்கு அதிகாரம் தரும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டம், அதன் 31-ஆம் பிரிவின்படி விவசாய நிலத்துக்குச் செல்லாது என்பதே காரணம். அப்பா கிளைக்குப் போய்ப் பட்டா, சிட்டாவை நீட்டுவதற்கு முன் வேறு சொத்து இருக்கிறதா என்று பாருங்கள்: பட்டா உள்ள வீடு, அங்கீகரிக்கப்பட்ட மனை, இல்லையென்றால் சொந்தக்காரர் ஒருவரின் வீடு. வில்லங்கச் சான்றும் மூலப் பத்திரமும் எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டு போனால் வங்கி வழக்கறிஞர் கருத்து சீக்கிரம் வரும். நிலம் தாத்தா பெயரிலேயே கிடக்கிறது என்றால் பட்டா மாற்றத்துக்கே சில மாதம் ஓடிவிடும்.

உதவித்தொகைகளில் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் முதல் இடம். மாதம் 1,400 யூரோ தருகிறார்கள், கல்விக் கட்டணமும் கிடையாது. பயிர் இனப்பெருக்கத்துக்கு எம்பிளான்ட் பிளஸ் என்ற படிப்பு அதில் உண்டு. போட்டி கடுமை, விண்ணப்ப காலம் பெரும்பாலும் முந்தைய ஆண்டின் கடைசியிலேயே தொடங்கிவிடும். ஜெர்மனியின் டாட் (DAAD) என்ற கல்விப் பரிமாற்ற அமைப்பு வளர்ச்சி சார்ந்த முதுநிலைப் படிப்புகளுக்குத் தரும் தொகைக்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும், அதனால் உங்களுக்கு இப்போது பொருந்தாது. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தை விசாரியுங்கள். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் பட்டியல் சாதியினரோடு நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பங்களுக்கும் இடம் உண்டு. உங்களுக்கு நிலம் இருப்பதால் அந்தப் பிரிவு பொருந்தாது. ஊரில் தகுதியானவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

12 லட்சம் எப்படியும் புரளாது என்றால் இன்னொரு வழி இருக்கிறது. எம்.எஸ்சி.யை இங்கேயே முடித்துவிட்டு ஜெர்மனியில் முனைவர் பட்டத்துக்குப் போவது. அங்கே அது பெரும்பாலும் சம்பளத்தோடு கூடிய வேலை. இ13 என்ற அரசுச் சம்பள நிலையின் முழுச் சம்பளத்தில் பாதி முதல் 65 சதவீதம் வரை கொடுப்பது வழக்கம். கடன் பயம் உள்ள குடும்பத்துக்கு நாங்கள் இதைத்தான் முதலில் சொல்வோம்.

ஜெர்மனி என்று முடிவானால் முதலில் ஏபிஎஸ் சான்றிதழ், அதாவது உங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களின் விசாவுக்கு இது கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். ஆவணங்கள் டெல்லிக்குப் போக வேண்டும். கையில் வரப் பல வாரம் ஆகலாம். இந்தியர்களுக்கான விண்ணப்பக் கடைசித் தேதி பல படிப்புகளுக்கு மார்ச் முதல் மே வரை விழும். ஆக, தீபாவளிக்குள் ஏபிஎஸ் போய்விட வேண்டும், பொங்கலுக்குள் ஐஇஎல்டிஎஸ் எழுதியிருக்க வேண்டும்; 6.5 இலக்கு வையுங்கள். பல பல்கலைக்கழகங்களுக்கும் சேர்த்து விண்ணப்பம் வாங்கும் யூனி-அசிஸ்ட் வழி விண்ணப்பித்தால் முதல் படிப்புக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. நான்கைந்து போதும். இந்த வரிசையைப் பார்த்தாலே இந்த செப்டம்பர் ஏன் நடக்காது என்று புரியும்.

நம் ஊர்ப் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் இடம் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றில் எம். கவிதா, பட்டத்தில் கவிதா எம்., பாஸ்போர்ட்டில் கவிதா முருகேசன் என்று மூன்று ஆட்களாகத் திரிவார்கள். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஐஇஎல்டிஎஸ், ஏபிஎஸ், பல்கலைக்கழக விண்ணப்பம் மூன்றிலும் பதியுங்கள். இனிஷியலின் விரிவு இன்னது, இருவரும் ஒருவரே என்று நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எடுத்து எல்லா விண்ணப்பத்தோடும் வையுங்கள். ஓசூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பெங்களூரு பக்கம்தான், ஆனால் தமிழ்நாட்டு முகவரி உள்ளவர்கள் ஜெர்மன் விசாவுக்குப் போக வேண்டியது சென்னைக்குத்தான்.

காத்திருக்கும் ஓராண்டை வீட்டில் கழிக்காதீர்கள். பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையம், பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் மையம், ஓசூர்–தளி பக்கத்து பசுமைக்குடில் மலர்ப் பண்ணைகள் என்று கேட்டுப் பாருங்கள். சம்பளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தரவு எடுக்கும் வேலையாக இருக்கட்டும். நான்கு சிகிச்சை (ஒப்பிட்டுப் பார்க்கும் முறைகள்), ஒவ்வொன்றுக்கும் மூன்று மறுசெய்கை வைத்த ஒரு சிறு சோதனையில் இலைகளை எண்ணி, ஆர் மென்பொருளில் பகுப்பாய்வு செய்திருந்தால், மார்க் ஷீட்டில் ஒளிந்திருக்கும் அந்தப் புள்ளியியல் யூனிட்டுக்கு ஆதாரம் கிடைத்துவிடும்.

மோட்டிவேஷன் லெட்டருக்கும் அதுவே சரக்கு. சிறு வயது முதலே செடிகள்மீது தீராத ஆர்வம் என்று கன்சல்டன்சி எழுதித் தருவதை யாரும் இரண்டாம் முறை படிப்பதில்லை. மாறாக இப்படி எழுதலாம்: "2020-இல் கேரளத்தில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி எங்கள் பகுதிக்கும் பரவியது. அதைக் கட்டுப்படுத்த அனாகைரஸ் லோபசி என்ற ஒட்டுண்ணிக் குளவியை 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விட்டார்கள். விவசாயி தொடர்ந்து மருந்து அடித்தால் அந்தக் குளவி எத்தனை நாள் தாங்கும் என்பதே நான் படிக்க விரும்பும் கேள்வி." இதன்பின் அந்தத் துறையில் வேலை செய்யும் பேராசிரியர் ஒருவரின் ஆய்வோடு இதைப் பொருத்தி இரண்டு வரி. மொத்தம் ஒரு பக்கம் போதும்.

ஆய்வுக்கு என்று சித்தேரி சாமையையோ வீட்டு ராகியையோ பெட்டியில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். 2019 டிசம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விதை கொண்டுபோக தாவர நலச் சான்று வேண்டும். இந்தியாவிலும் 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டம் குறுக்கே நிற்கும். ஆராய்ச்சிக்கான விதை டெல்லியில் உள்ள தேசிய தாவர மரபணு வள நிறுவனத்தின் வழியாகத்தான் போக வேண்டும். நாடுகள் விதைகளைப் பகிர்ந்துகொள்ள வழிசெய்யும் சர்வதேச தாவர மரபு வள ஒப்பந்தத்தின் பட்டியலில் ராகி இருப்பதால், ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் விதை வங்கியிலிருந்து உங்கள் பேராசிரியரே முறைப்படி வரவழைக்கலாம். சாமை அந்தப் பட்டியலில் இல்லை. ஆய்வுத் தலைப்பு பேசும் முதல் மாதத்திலேயே அவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள், விதை வந்து சேர மாதக்கணக்கில் ஆகும்.