தேரிச் செம்மண்ணில் போட்ட உரம் எங்கே போகிறது?

கேள்வி: சாயல்குடி பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் தேரிச் செம்மண். யூரியா போட்டால் பயிர் பச்சை கட்டுகிறது, ஒரு மழை பெய்தால் மறுபடி வெளுத்துவிடுகிறது. கமுதியில் மாமாவின் கரிசலில் இந்தத் தொல்லை இல்லை. கண்மாய்க் கரம்பை அடித்தால் சரியாகுமா?

பதில்: பெருமளவு சரியாகும். கரம்பை என்பது கண்மாய் அடியில் படிந்த, களி (மிக நுண்ணிய களிமண் துகள்) நிறைந்த வண்டல்; உங்கள் மண்ணில் குறைவாக இருப்பது அந்தக் களிதான். ஆனால் கரம்பையில் உப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு வண்டிகூட அடிக்காதீர்கள்.

உங்கள் மண்ணின் சிவப்பு, ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடு. மணல் பரல்கள்மேல் மெல்லிய பூச்சாக ஒட்டியிருக்கிறது. இது கொஞ்சம் இருந்தாலே நிலம் முழுக்கச் சிவந்துவிடும். நிறத்தை வைத்துக் களி எவ்வளவு என்று கணக்குப் போட முடியாது. கண்ணாடி பாட்டிலில் கால் பங்கு மண் போட்டு, நல்ல தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் இறங்குவது மணல். மறுநாளும் கலங்கலாக நிற்பதுதான் களி. தேரி மண்ணில் அது சொற்பமாகவே இருக்கும்.

செம்மண்ணில் இருக்கும் களியும் பெரும்பாலும் கயோலினைட் வகை. வடிகால் நன்றாக உள்ள மேட்டில் ஃபெல்ஸ்பார் போன்ற கனிமங்கள் சிதையும்போது பொட்டாசியம், கால்சியம், சிலிக்காவில் ஒரு பங்கு எல்லாம் மழைநீரோடு போய்விடும். மிஞ்சுவது கயோலினைட்டும், கரையாத இரும்பும். தண்ணீர் வடியாத தாழ்வில் கால்சியமும் மக்னீசியமும் சிலிக்காவும் தங்கிவிடுவதால் மாண்ட்மோரிலோனைட் என்ற வேறு வகைக் களி உருவாகும். கரிசல் நனைந்தால் உப்பி, கோடையில் வெடிப்பது அதனால்தான்.

கயோலினைட்டின் ஏடுகள் இறுக ஒட்டியவை. இடையில் தண்ணீர் புகாது. ஒரு கிராமுக்கு 10 முதல் 20 சதுர மீட்டர் பரப்புதான். மாண்ட்மோரிலோனைட்டில் ஏடுகள் விலகுவதால் 600 முதல் 800 வரை போகும். அம்மோனியம், பொட்டாசியம் போன்றவை ஒட்டி நிற்பது இந்தப் பரப்பில்தான். யூரியா மண்ணில் அம்மோனியமாகும். உங்கள் நிலத்தில் அதைப் பிடித்து வைக்கக் களி போதாது. அது நைட்ரேட்டாக மாறிவிட்டால் கரிசல்கூடப் பிடிக்காது, மணலிலோ சீக்கிரமே கீழே இறங்கிவிடும்.

அதனால் இந்தப் பருவத்தில் யூரியாவையும் பொட்டாஷையும் நான்கைந்து தவணையாகப் பிரித்துப் போடுங்கள். கோடையில் ஆட்டுக்கிடை போட முடிந்தால் கட்டாயம் போடுங்கள். ஆட்டுப் புழுக்கை மக்கிக் கிடைக்கும் மட்கு, எடைக்கு எடை களியைவிட அதிகமாகச் சத்தைப் பிடிக்கும்.

அப்புறம் கரம்பை. கடலோரக் கண்மாய்களில் சோடியம் சேர்ந்திருக்கலாம். காய்ந்த சிறு கட்டி ஒன்றை மழைநீரில் போட்டு, கலக்காமல் விடுங்கள். சில மணி நேரத்தில் சுற்றிலும் பால்போலக் கலங்கினால், சோடியம் களியைக் கலைக்கிறது என்று பொருள்; அந்தக் கரம்பை வேண்டாம். ஆனால் தண்ணீர் தெளிவாக இருந்தாலும் நம்பிவிடாதீர்கள்; உப்பு மிக அதிகமானாலும் களி கலங்காது. மாதிரியை மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். உப்பின் அளவு (மின்கடத்துத்திறன், EC) 1 dS/m-க்குள்ளும், கார அமில நிலை (pH) 8.5-க்குள்ளும் இருந்தால் அடிக்கலாம். முதலில் கால் ஏக்கரில் பரப்பி, ஐப்பசி மழைக்கு முன் உழுது கலந்து, ஒரு போகம் பாருங்கள்.