கால் கழுவுவதைவிடக் காலை நீட்டுவது கடினம்

கேட்கப்பட்ட கேள்வி இது: "கிறிஸ்தவம் வலியுறுத்தும் தாழ்மை என்பது தன்னைத் தானே மட்டம் தட்டிக்கொள்வதா? பிரதிபலன் எதிர்பாராத பணி மனிதரால் ஆகக்கூடிய காரியமா?"

முதல் பாதிக்கு என் பதில், இல்லை. இரண்டாம் பாதிக்கு அப்படி ஒரே சொல்லில் பதில் சொல்ல என்னால் இயலவில்லை. திருச்சபையினர் நடத்தும் முதியோர் இல்லம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் பணி செய்துவருகிறேன். அங்கே கற்றதையும், சிறு வயதிலிருந்தே வாசித்திருந்தும் அங்கே போன பிறகுதான் விளங்கியதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தாழ்மையைப் பற்றிப் பேசும் எவரும் யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்துக்கு வந்தாக வேண்டும். இராப்போஜனத்தின் நடுவே இயேசு எழுந்து, மேலாடையைக் கழற்றி வைத்து, ஒரு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் தண்ணீர் வார்த்து, சீடர்களின் கால்களைக் கழுவித் துடைக்கிறார். புழுதி வழியே நடந்து வந்த கால்கள் அவை. அவற்றைக் கழுவுவது அன்று வீட்டு அடிமையின் வேலை. இந்தக் காட்சியை அறியாத கிறிஸ்தவர் இருக்க மாட்டார். ஆனால் இதற்குச் சற்று முன்னால், மூன்றாம் வசனத்தில், நாம் வாசித்துக்கொண்டே தாண்டிப் போய்விடும் ஒரு குறிப்பு உண்டு. பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புவித்திருக்கிறார் என்பதையும், தாம் தேவனிடமிருந்து வந்தவர், தேவனிடமே திரும்பிப் போகிறவர் என்பதையும் அறிந்தவராக அவர் எழுந்தார் என்று யோவான் எழுதுகிறார். தாம் யார் என்பதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகம் இருக்கவில்லை. அதனால்தான் அவரால் அவ்வளவு தூரம் குனிய முடிந்தது. தன் மதிப்பு போய்விடுமோ என்று அஞ்சுகிறவரால் குனியவே முடியாது. ஒருவேளை குனிந்தாலும், யாரேனும் பார்க்கிறார்களா என்று ஒரு கண் தேடிக்கொண்டே இருக்கும். ஆகவே, தான் எதற்கும் உதவாதவன் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பதைத் தாழ்மை என்று என்னால் ஏற்க முடியவில்லை. அப்படிச் சொல்கிறவரின் பேச்சும் அவரையே சுற்றிச் சுற்றி வருகிறது.

இந்தச் சொல்லின் வரலாறும் கவனிக்கத் தக்கது. புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் 'தபெய்னோஸ்' என்றால் தாழ்ந்தவர் என்று பொருள். மானமும் புகழுமே ஒரு மனிதனின் அளவுகோலாக இருந்த அன்றைய சமுதாயத்தில் அது பெரும்பாலும் இகழ்ச்சியாகவே ஒலித்தது. பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் அதே வேரிலிருந்து பிறந்த சொல்லை எடுத்து, மனத்தாழ்மையோடு ஒருவரை ஒருவர் தங்களிலும் மேலானவராக எண்ணுங்கள் என்கிறார். அதற்கு அவர் காட்டும் முன்மாதிரி, தம்மைத்தாமே வெறுமையாக்கி அடிமையின் ரூபம் எடுத்த கிறிஸ்து.

'தம்மைத்தாமே' என்ற அந்தச் சொல்லில் சற்று நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன். தாழ்மை ஒருவர் தாமாக எடுத்துக்கொள்வது. பிறர் தலையில் ஏற்றி வைப்பது அன்று. அதிகாரத்தில் இருப்பவர் தமக்குக் கீழே இருப்பவரைப் பார்த்து "தாழ்மையோடு இரு" என்று சொல்வதையும், அடி வாங்கும் பெண்ணிடம் "பொறுத்துப் போவதுதான் விசுவாசம்" என்று உபதேசிப்பதையும் நான் என் காதால் கேட்டிருக்கிறேன். அந்த இரவில் துண்டைக் கட்டிக்கொண்டவர் அந்த அறையில் இருந்த போதகர். இதை மறந்துவிட்டு, எளியவரை அடக்கி வைப்பதற்கு இந்த அதிகாரத்தைப் பயன்படுத்துவதைவிடப் பெரிய அநியாயம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இனி என் அனுபவம். இல்லத்தில் எனக்குத் தரப்பட்ட வேலை, முதியவர்களின் கால்களைக் கழுவி நகம் வெட்டிவிடுவது. வயதானவர்களின் கால் நகம் தடித்து மஞ்சளாகி, வளைந்து சதைக்குள் இறங்கியிருக்கும். வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் கால்களை ஊறவைத்தால்தான் நகவெட்டி இறங்கும். நீரிழிவு உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கக்கூடும் என்பதால், தண்ணீரின் சூட்டை முதலில் நம் முழங்கையை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். கழுவிய பிறகு விரல் இடுக்குகளில் ஈரம் தங்காமல் ஒவ்வொன்றாக ஒற்றி எடுக்க வேண்டும். நகத்தை ஓரங்களில் வளைத்து வெட்டாமல் நேராக வெட்ட வேண்டும். இவை எல்லாவற்றையும் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன், ஒழுங்காகவும் செய்தேன். செய்து முடித்து வீடு திரும்பும்போது மனத்தில் ஒரு நிறைவு இருக்கும். அந்த நிறைவு எதனால் ஆனது என்று முதல் ஆண்டு முழுவதும் நான் ஆராயவில்லை.

பக்கவாதத்தால் இடது கை செயலிழந்த முதியவர் ஒருவர் அங்கே இருந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர். ஒரு நாள் நான் வழக்கம்போலத் தண்ணீரில் முழங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "தம்பி, சூடு சரியா என்று உங்கள் முழங்கையைக் கேட்கிறீர்கள். என்னை ஒரு நாளும் கேட்டதில்லையே." அவர் குரலில் கோபம் இல்லை. நான் தலை நிமிர்ந்து, "சூடு போதுமா ஐயா?" என்று கேட்டேன். இன்னும் கொஞ்சம் ஆறட்டும் என்றார். ஆறும்வரை காத்திருந்த அந்தச் சில நிமிடங்களில், அவர் எந்தப் பாடம் நடத்தினார் என்றுகூட எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. அவர் கணித ஆசிரியர் என்பதை அன்றுதான் அறிந்தேன். ஓராண்டாக அவருடைய கால்களை வைத்து என் நற்பெயரை நானே எனக்குள் வளர்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிரதிபலன் எதிர்பாராத பணி ஆகுமா என்ற கேள்விக்கு இந்த இடத்திலிருந்துதான் என்னால் பதில் சொல்ல முடிகிறது. பணத்தை எதிர்பாராதிருப்பது எளிது. நன்றியை எதிர்பாராதிருப்பது அதைவிடக் கடினம். 'நான் நல்லவன்' என்று உள்ளுக்குள் நாமே எழுதிக்கொள்ளும் கணக்கை விடுவது எல்லாவற்றிலும் கடினம். லூக்கா 17ஆம் அதிகாரத்தில், கட்டளையிடப்பட்டவை யாவையும் செய்து முடித்த பிறகும் "செய்ய வேண்டிய கடமையைத்தான் செய்தோம்" என்று சொல்லுங்கள் என்கிறார் இயேசு. அது இளைஞனாக இருந்தபோது எனக்கு மிகக் கடுமையாகத் தோன்றியது. இப்போது அதில் ஒரு விடுதலை இருப்பதாக உணர்கிறேன், ஏனெனில் கணக்கு எழுத வேண்டிய வேலை அங்கே முடிந்துவிடுகிறது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கழுவப்பட்ட கால்களில், அவரைக் காட்டிக்கொடுக்கவிருந்த சீடன் யூதாசின் கால்களும் இருந்தன. சற்று நேரத்தில் அவன் எழுந்து இருளில் வெளியே போகப் போகிறான் என்று தெரிந்தே அவர் கழுவினார்.

மனம் முழுமையாகத் தூய்மையாகட்டும், பிறகு பணி செய்யலாம் என்று காத்திருந்தால் எவரும் தொடங்கவே மாட்டோம். ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு வகுத்த ஒழுங்கு இதை நன்கு அறிந்திருந்தது. தாழ்மையின் 12 படிகளை அது ஓர் அதிகாரத்தில் விவரிக்கிறது என்பது பலருக்கும் தெரியும். எனக்கு அதைவிடப் பிடித்தது அடுக்களைப் பணியைப் பற்றிய 35ஆம் அதிகாரம். துறவிகள் முறை வைத்து ஒருவருக்கொருவர் சமைத்துப் பரிமாற வேண்டும். வாரத்தின் முடிவில், முறை முடிந்தவரும் முறை ஏற்பவரும் சேர்ந்து எல்லாருடைய கால்களையும் கழுவ வேண்டும். கை கால் துடைத்த துண்டுகளைத் துவைத்து, பாத்திரங்களைச் சுத்தமாகவும் உடையாமலும் திருப்பி ஒப்படைக்க வேண்டும். அங்கே யாருடைய மனநிலையையும் கேட்கவில்லை. துண்டு துவைக்கப்பட்டதா என்று கேட்கிறார்கள்.

தாழ்மை என்றால் சாதுவாக இருப்பது என்று எண்ணுபவர்களுக்கு நான் தந்தை தமியானை நினைவூட்டுவேன். பெல்ஜியத்தில் பிறந்த அவர், 1873இல் ஹவாயின் மொலோக்காய் தீவுக்கு, தொழுநோயாளர்களை ஒதுக்கி வைத்திருந்த குடியிருப்புக்குப் போனார். அவர்களின் புண்களுக்குக் கட்டுப் போட்டார், வீடு கட்டினார், சவப்பெட்டி செய்தார், குழி தோண்டினார். அவர் பிடிவாதக்காரர், தம் மக்களுக்குத் தேவையானதைக் கேட்டு மேலதிகாரிகளோடு விடாமல் போராடியவர். தமக்கு நோய் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, மறையுரையில் "நாம் தொழுநோயாளர்" என்றே அம்மக்களோடு தம்மைச் சேர்த்துப் பேசினார். 1884இன் இறுதியில் கொதிக்கும் நீரில் கால் பட்டும் சூடு தெரியாதபோதுதான் நோய் தம்மைப் பற்றிவிட்டது என்பதை உணர்ந்தார். 1889 ஏப்ரல் 15 அன்று, 49ஆம் வயதில் இறந்தார். கடைசி மாதங்களில் அவரும் பிறர் கையால் பணிவிடை பெற்றார். 2009இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. நான் அவரை நினைக்கும் போதெல்லாம் முதலில் நினைவுக்கு வருவது 'நாம்' என்ற அந்தச் சொல்தான். "அவர்களுக்கு நான் செய்கிறேன்" என்பதற்கும் அதற்கும் இடையே உள்ள தூரத்தை ஒன்பது ஆண்டுகளில் நான் இன்னும் கடந்து முடிக்கவில்லை.

கடைசியாக, அந்த இரவில் அங்கிருந்த சீடர்களில் ஒருவரான பேதுருவைப் பற்றி. தம் முறை வந்தபோது, நீர் என் கால்களைக் கழுவவே கூடாது என்று அவர் மறுத்தார். அது பணிவு என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் வழுக்கி விழுந்து என் வலது மணிக்கட்டு முறிந்தது. கையில் மாவுக்கட்டோடு கழிந்த ஆறு வாரங்களில், சட்டைப் பொத்தான் போட வந்த மனைவியிடம் "நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று எரிந்து விழுந்தேன். சோறு பிசைந்து தந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இத்தனை பேரின் கால்களைத் தொட்டுக் கழுவியவனுக்கு, தன்னை ஒருவர் தொட்டு உதவுவதைத் தாங்க முடியவில்லை. கொடுப்பவனாக மட்டுமே இருந்தால் நாம் எப்போதும் மேலேதான் இருக்கிறோம். என் பணி அத்தனையும் அந்த உயரத்தில் நின்றே செய்யப்பட்டது என்பது அந்த வாரங்களில் புரிந்தது. நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை என்று பேதுருவுக்கு இயேசு சொன்ன பதில் ஏன் அவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது என்பதும் புரிந்தது.

மாவுக்கட்டோடு ஒரு சனிக்கிழமை இல்லத்துக்குப் போனேன். வேலை செய்ய இயலாது, சும்மா உட்கார்ந்து பேசிவிட்டு வரலாம் என்று. அந்த ஆசிரியர் என் காலணியின் கயிறு அவிழ்ந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, "காலை இப்படி வையுங்கள்" என்று தம் கட்டிலின் விளிம்பைக் காட்டினார். வேண்டாம் ஐயா என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லாமல் காலைத் தூக்கி வைத்தேன். அவருக்கு வலது கை மட்டும், எனக்கு இடது கை மட்டும். கயிற்றின் ஒரு முனையை அவரும் மறு முனையை நானும் பிடித்துக்கொண்டோம். முடிச்சு சரியாக விழ மூன்று முறை முயல வேண்டியிருந்தது.