வளரிளம் பெண்களின் இரத்தசோகை: கிராமத்துக் கேள்விகளும் மருத்துவரின் பதில்களும்

கேள்வி (அரசுப் பள்ளி ஆசிரியை): ஒரே வீட்டுச் சாப்பாடுதான். பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு அதிகமாகச் சோகை வருகிறது, டாக்டர்?

2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15–19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதே வயதுப் பையன்களில் 31.1 சதவீதம். இரும்பு வரவு, செலவு என்று கணக்கு எழுதிப் பார்த்தால் காரணம் தெரியும், டீச்சர். வளர்ச்சி வேகமெடுக்கும் வயதில் உடம்பில் இரத்தத்தின் அளவே கூடுகிறது. அதற்கு இரும்பு வேண்டும். அந்த நேரத்திலேயே மாதவிடாயும் தொடங்கிவிடுகிறது. சராசரியாக மாதம் 30–40 மில்லி இரத்தம் போகும். ஒரு மில்லிக்கு ஏறக்குறைய 0.4 முதல் 0.5 மில்லிகிராம் இரும்பு. அதனால்தான் 13–15 வயதுப் பெண்ணுக்கு நாளுக்கு 30 மில்லிகிராம், பையனுக்கு 22 மில்லிகிராம் என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது.

வரவுப் பக்கம்தான் அடி. தீட்டிய அரிசி 100 கிராமில் இரும்பு ஒரு மில்லிகிராம்கூட இல்லை. மூன்று வேளையும் சோறு, மேலே கொஞ்சம் ரசமோ குழம்போ என்றால் தேவையில் பாதியைத் தொடுவதே கஷ்டம். காலையில் வெறும் டீயோடு பஸ் பிடிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேளை முழுதாகப் போய்விடுகிறது. முட்டையும் மீனும் முதலில் ஆண்களின் தட்டுக்குப் போகும் வீடுகளில் "ஒரே வீட்டுச் சாப்பாடு" என்பதும் சரியில்லை.

கேள்வி (ஒரு தாய்): தினமும் பீட்ரூட் ஜூஸ், மாதுளை, பேரீச்சம்பழம் கொடுக்கிறேன். ஹீமோகுளோபின் எண்ணிக்கை ஏறவே இல்லையே?

பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருப்பது அவற்றின் நிறமிகளால் அம்மா, இரும்பால் அல்ல. இரண்டிலும் இரும்பு மிகக் குறைவு. பேரீச்சம்பழம் பரவாயில்லை. ஆனால் நாளுக்கு இரண்டு மூன்று தின்றால் ஒரு மில்லிகிராம் கிடைத்தாலே பெரிது. அந்தக் காசுக்கு வாரம் ஒருநாள் ஆட்டு ஈரலோ சுவரொட்டியோ வாங்குங்கள். சுவரொட்டி கொடுத்தால் இரத்தம் ஊறும் என்று பெரியவர்கள் சொன்னது சரிதான். அது மண்ணீரல், இரும்பு நிறைந்தது. இறைச்சியில் இருக்கும் இரும்பைக் குடல் எளிதாக எடுத்துக்கொள்ளும். கீரை, தானியத்தில் இருப்பதில் பெரும்பகுதி வீணாகும்.

சைவம் என்றால் கொள்ளு, கம்பு, முருங்கைக்கீரை, கேழ்வரகு. ஆனால் தானியத்திலும் பயறிலும் உள்ள ஃபைடேட் என்ற பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறவைத்தல், முளைகட்டுதல், கூழைப் புளிக்கவிடுதல் எல்லாம் அதைக் குறைக்கும். நம் ஊர்ப் பழக்கத்தை விடாதீர்கள். சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காயோ அரைக் கொய்யாவோ சேர்ந்தால் வைட்டமின் சி அந்த இரும்பை இழுத்துக் கொடுக்கும். எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள், கொதித்தால் சத்து போய்விடும். டீ, காபி சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னோ பின்னோ. இந்த ஒன்றைச் செய்யாவிட்டால் மற்றதன் பலன் வெகுவாகக் குறையும்.

கேள்வி (கிராம சுகாதார செவிலியர்): ஒரே பெண்ணுக்கு முகாமில் விரலில் குத்திப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 9.4 வந்தது, இரண்டு நாளில் ஆஸ்பத்திரியில் 11.1. எதை நம்புவது?

ஆஸ்பத்திரியில் நரம்பில் எடுத்த இரத்தத்தை இயந்திரத்தில் பார்த்திருந்தால் அதை நம்புங்கள், சிஸ்டர். விரலைப் பிதுக்கினால் திசுநீர் கலந்து எண்ணிக்கை இறங்கும். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். நடுவிரல் அல்லது மோதிர விரலில், நுனியின் பக்கவாட்டில் குத்தி, முதல் துளியைத் துடைத்துவிட்டுத் தானாக வரும் துளியை எடுங்கள். துளியை எடுக்கும் சின்னக் கண்ணாடித் தகடான கியூவெட்டில் காற்றுக்குமிழி கூடாது. இரத்தத்தின் நிறத்தை ஒப்பிடும் பழைய சாலி முறையில் பார்க்கும் இடம் இன்னும் இருந்தால், அமிலம் சேர்த்துப் பத்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு நிறம் ஒப்பிட்டால் குறைத்தே காட்டும்.

12 வயதுக்கு மேல், கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழ் இருந்தால் இரத்தசோகை. 11–11.9 லேசானது, 8–10.9 நடுத்தரம், 8க்குக் கீழ் கடுமையானது. ஆக 9.4, 11.1 இரண்டுமே சோகைதான். சிகிச்சையை நிறுத்தி வைக்க இது காரணமாகாது.

கேள்வி (அங்கன்வாடிப் பணியாளர்): வாரம் ஒரு நீல மாத்திரை தவறாமல் கொடுக்கிறோம். 9 இருந்த பிள்ளை மூன்று மாதம் கழித்தும் 9தான்.

அந்த மாத்திரை தடுப்புக்கு. 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் வாரம் ஒருமுறை. ஏற்கெனவே சோகை வந்த பிள்ளைக்கு அது போதாது. லேசான, நடுத்தரச் சோகைக்கு 'இரத்தசோகை இல்லா பாரதம்' திட்டத்தின் வழிகாட்டுதலே தினமும் இரண்டு மாத்திரை, சாப்பாட்டுக்குப் பிறகு, மூன்று மாதம் என்கிறது. இதை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் எழுதித் தர வேண்டும். ஒரு மாதத்தில் ஒரு கிராம்கூட ஏறவில்லை என்றால் மேல் பரிசோதனைக்கு அனுப்புங்கள். 8க்குக் கீழ் இருந்தால் காத்திருக்கவே வேண்டாம், மருத்துவமனைதான்.

மாத்திரை பிள்ளையின் வயிற்றுக்குள் போகிறதா என்பதையும் பாருங்கள். குமட்டும் என்று பாவாடை மடிப்பில் ஒளித்து எறிவது சாதாரணம். மலம் கறுப்பது ஆபத்தில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பலர் நிறுத்துவது அதைப் பார்த்துத்தான். வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள். பால், சுண்ணாம்புச்சத்து மாத்திரை இரண்டும் கூடவே வேண்டாம்.

கேள்வி (விவசாயி, தந்தை): பூச்சி மாத்திரையும் சோகையும் எப்படிச் சம்பந்தம்?

கொக்கிப்புழு குடல் சுவரைக் கடித்து இரத்தம் குடிக்கும், ஐயா. தென்னிந்தியாவில் அதிகம் காணப்படும் வகை ஒரு புழுவுக்கு நாளுக்கு 0.03 மில்லி அளவு குடிக்கும். அற்பமாகத் தெரியும். நூறு புழு இருந்தால் மாதம் 90 மில்லி, அதாவது இரண்டு மாதவிடாய்க்கு மேல். திறந்தவெளியில் மலம் கழித்த ஈரமண்ணில் குஞ்சுப்புழு வளர்ந்து வெறுங்காலின் தோல் வழியே ஏறும். பிள்ளைகள் காட்டுக்கும் தோட்டத்துக்கும் செருப்போடு போகட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரையான அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், மென்று விழுங்க வேண்டும். கழிப்பறை இல்லாத இடத்தில் புழு திரும்பத் தொற்றும். அதனால் ஒரு முறையோடு விட்டுவிடக் கூடாது.

கேள்வி (கல்லூரி மாணவி): எனக்கு மாதவிடாய் ஒன்பது நாள் போகும். அம்மா "எல்லாருக்கும் அப்படித்தான்" என்கிறார்.

எல்லாருக்கும் அப்படி இல்லை. ஏழு நாளைத் தாண்டுவது, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைவது, பெரிய இரத்தக் கட்டிகள் விழுவது, இரவில் எழுந்து மாற்றுவது எல்லாம் அதிகப்போக்கின் அறிகுறிகள். வயதுக்கு வந்த முதல் ஓரிரு வருடம் கருமுட்டை வெளிவராத சுழற்சிகளால் இப்படி ஆகலாம். தைராய்டு, சிலருக்கு இரத்தம் உறையாத கோளாறும் காரணமாகும். பல் பிடுங்கியபோது நெடுநேரம் இரத்தம் வந்ததா, மூக்கில் அடிக்கடி வருகிறதா என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். மாதம் 80 மில்லிக்கு மேல் போனால் சாப்பாட்டால் மட்டும் ஈடுகட்டுவது கஷ்டம்.

கேள்வி (தந்தை): மகளுக்கு ஆறு மாதமாக டானிக். ஹீமோகுளோபின் 10.2ஐத் தாண்டவில்லை.

முதலில் பாட்டிலில் 'எலிமென்டல் அயர்ன்', அதாவது அசல் இரும்பு, எவ்வளவு என்று பாருங்கள். சில டானிக்கில் சொற்பம்தான். அது சரியாக இருந்து, ஒழுங்காகக் குடித்தும் ஏறவில்லை என்றால் முழு இரத்த எண்ணிக்கை எடுங்கள். அதில் எம்சிவி (ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன்) இருக்கும், அதை மில்லியனில் உள்ள சிவப்பணு எண்ணிக்கையால் வகுங்கள். உதாரணம்: 62ஐ 5.6ஆல் வகுத்தால் 11. 13க்குக் கீழ் வந்தால் தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் கோளாறின் கடத்தியாக (மரபணுவைச் சுமப்பவராக) இருக்கலாம். 68ஐ 4.1ஆல் வகுத்தால் 16.6, இது இரும்புக் குறைவின் பக்கம். இது சந்தேகத்துக்கான கணக்கு மட்டுமே. உறுதி செய்வது ஹெச்பி ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகையை அளக்கும் பரிசோதனை, 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கடத்தி. இரும்புக் குறைவும் கூட இருந்தால் அந்த அளவு இறங்கி ஏமாற்றும் என்பதால் முதலில் இரும்பைச் சரிசெய்துவிட்டுப் பார்ப்பது நல்லது. கடத்திக்குத் தேவையில்லாமல் இரும்பு கொடுத்துக்கொண்டே இருக்கக் கூடாது. சொந்தத்தில் கல்யாணம் பேசும் வீடென்றால் மாப்பிள்ளைக்கும் இதே சோதனை கட்டாயம். இருவரும் கடத்தியானால் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு கடும் தலசீமியாவுக்கு. நீலகிரி மலைவாழ் மக்களிடையே சிவப்பணு அரிவாள் வடிவமாகும் பரம்பரை நோயான அரிவாளணு நோயையும் பார்க்க வேண்டும். எம்சிவி 100க்கு மேல் என்றால் கதை வேறு, வைட்டமின் பி12 அளவைப் பாருங்கள்.

கேள்வி: ரேஷன் அரிசியில் மிதக்கும் மணிகள் பிளாஸ்டிக்கா?

இல்லை. அரிசிமாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து வார்த்த மணி, நூற்றுக்கு ஒன்று. பொறுக்கி எறியாதீர்கள். கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு வரும். அதிகம் கழுவ வேண்டாம்.

கேள்வி (பாட்டி): பேத்தி பச்சரிசியும் பல்பமும் தின்கிறாள். வயிற்றில் பூச்சியா?

பூச்சி இருக்கலாம். ஆனால் மண், பல்பம், பச்சரிசி மேல் ஆசை வருவது இரும்புக் குறைவின் அடையாளமாகவே பல நேரம் இருக்கும் பாட்டி. திட்டாதீர்கள், ஹீமோகுளோபின் பாருங்கள். இரும்பு ஏறத் தொடங்கியதும் அந்த ஆசை தானே விடும். எண்ணிக்கை 12ஐத் தொட்ட பிறகும் மருத்துவர் சொல்லும்வரை மாத்திரையைத் தொடரட்டும், சேமிப்பு நிரம்ப வேண்டும். மாத்திரைப் பட்டையை மட்டும் சின்னக் குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து ஒரு கைப்பிடி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அப்படி நடந்தால் வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே 108ஐ அழையுங்கள்.