நாயைப் பகலில் விட்டுப் போகும் இடம்: சுங்கை சிப்புட்டிலிருந்து கேள்வி பதில்

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் ஊருக்கு வெளியே, செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்து ஓரமாக, நானும் என் கணவரும் நாய்களைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம் ஒன்றை நடத்துகிறோம், கூடவே பயிற்சியும் கொடுக்கிறோம். ஈப்போவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் காலையில் விட்டுவிட்டுச் சாயங்காலம் கூட்டிப் போவார்கள். இந்தத் தொழிலைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதில் நிறையக் கேள்வி வந்துவிட்டது. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (காராயிலிருந்து ஒரு தங்கை): நாயைப் பார்த்துக்கொள்ளக் காசு கொடுப்பார்களா என்று அம்மா திட்டுகிறார். பகல் முழுக்க அங்கே என்னதான் அக்கா நடக்கும்?

பதில்: அம்மாவிடம் ரப்பர் தோட்டத்து ஆயாக் கொட்டகையை ஞாபகப்படுத்துங்கள். இருட்டோடு பால் வெட்டப் போன தாய்மார் கைக்குழந்தையை ஆயாவிடம் விட்டுவிட்டுத்தான் போனார்கள். சாப்பாடு, தூக்கம், சண்டை வந்தால் விலக்கிவிடுவது, நாங்களும் அதைத்தான் செய்கிறோம்.

காலை ஏழு மணியிலிருந்து ஒவ்வொன்றாக வரும். வெயில் ஏறும் முன் ஓடவிட்டு, பத்து மணிக்கெல்லாம் உள்ளே கொண்டுவந்துவிடுவோம். அப்புறம் நாலு மணி வரை காற்றாடி, தண்ணீர், தூக்கம். நாயின் சாதாரண உடல் சூடே 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும், 41 ஆகிவிட்டால் உயிருக்கே ஆபத்து. நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்த்துத் தணியவும் வழியில்லை, மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும். பக், ஷிட்சூ மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு அதுவும் சரியாக வராது என்பதால் அவற்றை எட்டரைக்கே உள்ளே கூப்பிட்டுவிடுகிறோம்.

தூக்கத்தை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வளர்ந்த நாய் ஒரு நாளில் பாதி நேரமாவது தூங்கும். நாள் முழுக்க விளையாட விடுகிறோம் என்று ஓர் இடம் விளம்பரம் போட்டால் எனக்குப் பயமாக இருக்கும், ஏனென்றால் தூங்காமல் களைத்துப்போன நாய்தான் மத்தியானத்துக்கு மேல் சும்மா பக்கத்தில் போகிற நாயின் மேல் பாயும்.

கேள்வி (லிந்தாங், ஒரு தம்பி): என் நாயை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, எடுக்க முடியாது என்று ஓர் இடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது கெட்ட நாயா அக்கா?

பதில்: கெட்ட நாய் இல்லை தம்பி. அந்த இடம் நல்ல இடம், அவர்களை மறக்காதீர்கள். வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர்கள் இந்தத் தொழிலை நடத்தவே கூடாது. வருகிற நாயை எல்லாம் சேர்த்துக்கொண்டால் மாதக் கடைசியில் கல்லா நிறையும், ஆனால் ஒரு நாள் யாருடைய நாயோ காது கிழிந்து வீட்டுக்குப் போகும்.

நாங்கள் பார்க்கிற விதத்தைச் சொல்கிறேன். புது நாய் முதலில் தனியாக வேலியோரம் சுற்றி மோப்பம் பிடிக்கட்டும் என்று விட்டுவிடுவோம். அது நிதானத்துக்கு வந்த பிறகு எங்கள் வீட்டு நாய் ராணியை விடுவோம். ராணி வயதானவள், பொறுமைசாலி. நேராகப் போக மாட்டாள், அரைவட்டம் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பக்கவாட்டில் போய்ப் பின்பக்கம் முகர்வாள். அந்த நேரத்தில் நான் புது நாயின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வாய் லேசாகத் திறந்து, உடம்பு வளைந்து நெளிந்தால் சரி. வாயை இறுக மூடிக்கொண்டு, வால் விறைத்து மேலே நின்று நுனி மட்டும் துடிக்க, கண் ராணியை விட்டு நகராமல் இருந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். வீட்டுக்காரர், வாலாட்டுகிறதே, சிநேகமாகத்தானே இருக்கிறது என்பார். வாலைவிட வாயும் உடம்பும் சொல்வதைத்தான் நான் நம்புவேன். கயிற்றை வெடுக்கென்று இழுக்காமல், பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திருப்பி, வெளியே கொண்டுபோய்விடுவோம்.

சில நாய்களுக்கு மற்ற நாய்களே வேண்டாம், வீட்டு மனிதர்கள் போதும். உங்களுடையதும் அப்படி இருக்கலாம். மத்தியானம் வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் நடத்திக் கூட்டிப்போக ஓர் ஆள் கிடைத்தால் அதற்கு அதுவே போதும், காசும் குறைவு.

கேள்வி (ஈப்போ, ஒரு கணவன் மனைவி): நாங்களும் இப்படி ஓர் இடம் திறக்கலாம் என்று இருக்கிறோம். லைசென்ஸ், இடம், செலவு பற்றிச் சொல்லுங்கள்.

பதில்: முதலில் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த நிலத்தில் நாய் வைத்துத் தொழில் நடத்த விடுவார்களா என்று உள்ளூர் மன்றத்தில் கேட்டுவிட்டு வாருங்கள். சுங்கை சிப்புட்டாக இருந்தால் கோலகங்சார் நகராண்மைக் கழகம். விலங்குகள் நலச் சட்டம் 2015-இல் வந்தது, 2017 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. விலங்குகளை வைத்துத் தொழில் செய்கிறவர்கள் அதன்படியும் லைசென்ஸ் எடுக்க வேண்டும், அதற்குக் கால்நடை இலாகாவுக்குப் போங்கள். கொடுமை செய்ததாக நிரூபணமானால் அபராதமே 20,000 முதல் 100,000 வெள்ளி (ரிங்கிட்) வரை, மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. சம்பளத்துக்கு வைக்கிற ஆள் கோபத்தில் ஒரு நாயைப் பிரம்பால் அடித்தாலும் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். ஆள் எடுக்கும்போதே இதை உட்காரவைத்துப் பேசிவிடுங்கள்.

அண்டை வீட்டார் மலாய்க்காரர்கள் என்றால், திறப்பதற்கு முன்பே நேரில் போய்ப் பேசுங்கள். நாயின் எச்சில் பட்ட இடத்தை, இஸ்லாமிய முறைப்படி, அவர்கள் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீரால், கழுவ வேண்டும். அதனால் நாங்கள் தரை கழுவுகிற தண்ணீர் எங்கள் மலாய் அண்டை வீட்டார் பக்கத்து வாய்க்காலுக்குப் போகாமல் வேறு பக்கம் திருப்பிவிட்டிருக்கிறோம், எந்த நாயையும் அவர்கள் வாசல் வழியாக நடத்திப் போவதில்லை. நோன்புப் பெருநாளுக்கு அவர்கள் வீட்டிலிருந்து எங்களுக்குப் பலகாரம் வருகிறது, தீபாவளிக்கு எங்கள் வீட்டு முறுக்கு போகிறது.

இடத்தில் முக்கியம் இரட்டைக் கதவு. வெளிக்கதவை மூடிய பிறகுதான் உள்கதவைத் திறக்க வேண்டும். ஓர் ஆளுக்கு எட்டு நாய்க்கு மேல் நான் விடுவதில்லை. செலவில் பெரியது ஆள் சம்பளம்தான், அதில் கைவைக்காதீர்கள். தடுப்பூசி அட்டை இல்லாத நாயை, உறவுக்காரர் நாயாக இருந்தாலும், எடுக்காதீர்கள். குட்டிகளுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கைக் கொடுக்கிற பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். குட்டிக்கு ஆறு அல்லது எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, பதினாறு வாரம் வரை ஊசி போட்டு முடித்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் பாதி இடம் காலியாகத்தான் இருக்கும். அந்த மாதங்களைத் தாங்கப் பணம் கையில் இருந்தால்தான் வேண்டாத நாயை வேண்டாம் என்று சொல்ல வாய் வரும்.

கேள்வி (சலாக் நோர்த், ஓர் ஐயா): தோட்டத்தில் எலி மருந்து வைத்திருக்கிறார்கள். என் நாய் அங்கே சுற்றிவிட்டு வருகிறது. தின்றிருந்தால் எப்படித் தெரியும்?

பதில்: ஐயா, தெரிகிற வரை காத்திருக்கக் கூடாது. செம்பனை மரத்தடியில் வைக்கிற மெழுகுக் கட்டி பெரும்பாலும் இரத்தம் உறைவதைத் தடுக்கிற மருந்து. தின்ற அன்று நாய் நன்றாகத்தான் இருக்கும். மூன்று, நான்கு நாள் கழித்துச் சோர்வு, வெளுத்த ஈறு, மூக்கிலோ மலத்திலோ இரத்தம் வரும், சிலதுக்கு உள்ளேயே கசிந்து மூச்சு வாங்கும். தின்றதைக் கண்ணால் பார்த்தால், அல்லது வாயில் நீலமோ பச்சையோ சிவப்போ சாயம் ஒட்டியிருந்தால், உடனே கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் வாந்தி எடுக்க வைக்க முடியும். நேரம் தாண்டிவிட்டாலும் வைட்டமின் கே1 இருக்கிறது, வாரக்கணக்கில் கொடுக்க வேண்டி வரும், பாதியில் நிறுத்தக் கூடாது. மருந்துப் பொட்டலத்தின் பெயரை மண்டோரிடம் (தோட்ட மேற்பார்வையாளரிடம்) கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். நீங்களாக உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அதுவே நாயைக் கொன்றுவிடும். எலி மருந்து வைக்கிற வாரங்களில் கயிறு இல்லாமல் வெளியே விடவே வேண்டாம் ஐயா.

கேள்வி (பலர்): உறுமினால் ஓர் அடி போடலாமா? கழுத்தை நெரிக்கும் சங்கிலி போடலாமா?

பதில்: கூடாது. உறுமுவது எச்சரிக்கை. பக்கத்தில் வராதே, எனக்குப் பிடிக்கவில்லை என்று நாய் மரியாதையாகச் சொல்கிறது. அதற்கு அடி வாங்கிய நாய் அடுத்த முறை உறுமாது, நேராகக் கடிக்கும். அப்புறம் எல்லாரும் வந்து "திடீரென்று கடித்துவிட்டது" என்பார்கள். உறுமினால் நின்றுவிடுங்கள், விலகுங்கள், எதற்கு உறுமியது என்று பாருங்கள். எலும்புக்கா, குழந்தை தட்டைத் தொட்டதற்கா, இடுப்பில் வலியா? வலி என்றால் முதலில் மருத்துவர், பிறகுதான் பயிற்சி. எங்கள் வகுப்பில் வேகவைத்த கோழி ஈரல் துண்டும் நல்ல வார்த்தையும்தான். சரியாகச் செய்த அந்த நொடியிலேயே கொடுக்க வேண்டும், பையில் தேடி எடுத்துக் கொடுப்பதற்குள் நாய் வேறு ஏதோ செய்துகொண்டிருக்கும்.

கேள்வி: நாய் கடித்தால்?

பதில்: ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், மஞ்சள் பூசாதீர்கள், அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் திரும்ப வந்தது, 2017-இல் சரவாக்கில் வந்தது. சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள்.

கேள்வி (சுங்கை சிப்புட், ஓர் அக்கா): தீபாவளிக்கு வெடிச் சத்தம் கேட்டால் எங்கள் நாய் நடுங்குகிறது. அன்றைக்கு உங்களிடம் விடலாமா?

பதில்: பழகாத நாயை அன்றைக்குக் கொண்டுவராதீர்கள் அக்கா. புது இடமும் வெடியும் சேர்ந்தால் இன்னும் மோசமாகிவிடும். வீட்டில் நடு அறையில் சன்னலை மூடி, காற்றாடியையும் டிவியையும் போட்டுவிட்டு யாராவது கூட இருங்கள். தடவிக் கொடுத்தால் பயம் கூடிவிடும் என்பது தப்பு, தாராளமாகத் தடவலாம். ரொம்ப நடுங்குகிற நாய்க்கு மருத்துவர் மருந்து தருவார், இரண்டு வாரம் முன்பே போய்க் கேளுங்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும், வெடிக்குப் பயந்து ஓடுகிற நாய் செம்பனைக்குள் புகுந்துவிட்டால் தேடுவது கஷ்டம்.

அடுத்த வருடத்துக்கு வேண்டுமானால் தீபாவளி கழிந்ததும் வாருங்கள், மெதுவாகப் பழக்கலாம். முதல் நாள் காலைச் சாப்பாட்டை வீட்டிலேயே கொடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் கூட்டி வாருங்கள். அது படுக்கிற பழைய துணி ஒன்றையும் துவைக்காமல் கொண்டு வாருங்கள்.