அயனிப் பம்புகள் சவ்வுக்குள் மடிந்திருப்பது எப்படி?

செல் சவ்வின் குறுக்கே அயனிகளைத் தள்ளும் பம்ப் புரதங்கள் சவ்வைக் கடக்கும் இடத்தில் சுருளாகவே இருப்பது ஏன்?

சவ்வின் நடுப்பகுதி முழுக்கக் கொழுப்பு வால்கள்தான், தண்ணீர் கிடையாது. புரதச் சங்கிலி நெடுக இருக்கும் ஆக்சிஜன், நைட்ரஜன் அணுக்களுக்கோ ஹைட்ரஜன் பிணைப்பு வேண்டும். வெளியே துணை கிடைக்காதபோது சங்கிலி தனக்குள்ளேயே பிணைந்துகொள்கிறது. சங்கிலி சுருள்வில் போலச் சுற்றும் ஆல்பா சுருளில் அது கச்சிதமாக நடந்துவிடும். கணக்கும் ஒத்துவருகிறது: கொழுப்புப் பகுதியின் தடிமன் சுமார் 3 நானோமீட்டர், சுருளில் ஓர் அமினோ அமிலம் ஏறும் உயரம் 0.15 நானோமீட்டர். ஆக, ஒரு முறை கடக்க ஏறத்தாழ 20 அமினோ அமிலங்கள் போதும்.

சோடியம்-பொட்டாசியம் பம்பில் எத்தனை சுருள்கள்?

வேலையைச் செய்யும் ஆல்பா துணையலகில் (பம்பைச் சேர்ந்த ஒரு புரதச் சங்கிலி; பெயர் மட்டுமே ஆல்பா சுருளைப் போன்றது) 10. சங்கிலியின் இரு முனைகளும் செல்லுக்குள்ளேயே இருக்கும். கூடவே வரும் பீட்டா துணையலகு ஒரே ஒரு சுருளால் சவ்வைக் கடந்து, பெரும்பகுதியை வெளியே நீட்டி வைத்திருக்கிறது. அதைச் சும்மா ஒட்டிக்கொண்டிருப்பதாக நினைத்துவிடக் கூடாது. பீட்டா சேராவிட்டால் ஆல்பா செல்லின் மேற்பரப்புக்கே வந்து சேராது.

அயனி போக நடுவில் ஓட்டை இருக்கிறதா?

இல்லை. இருந்தால் அது பம்பாக இருக்க முடியாது, ஏற்றிவிட்ட அயனி அதே வழியில் திரும்பிக் கொட்டிவிடும். 2000-ல் தோயோஷிமா குழுவினர் வெளியிட்ட கால்சியம் பம்பின் படிக அமைப்பு இதைக் கண்ணெதிரே காட்டியது. நான்காவது சுருளைக் கவனியுங்கள்: சவ்வின் நடுவே அதன் சுற்று அவிழ்ந்து கிடக்கிறது. அவிழ்ந்த இடத்தில் சுருளுக்குள் பிணைந்திருக்க வேண்டிய ஆக்சிஜன்கள் விடுபட்டு நிற்கின்றன. அவையும் பக்கத்துச் சுருள்களின் அமிலப் பக்கக்கிளைகளும் சேர்ந்து கால்சியத்தைச் சுற்றிப் பிடிக்கின்றன. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

சரி, பிடித்ததை விடுவது எப்படி? செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி-யின் பாஸ்பேட் போய் ஒட்டுவது சவ்வுக்கு வெளியே, செல்லின் உட்புறமாகத் துருத்தி நிற்கும் தலைப்பகுதியில், அஸ்பார்டேட் என்ற ஓர் அமினோ அமிலத்தின் மீது. அயனி இருக்கும் இடமோ அங்கிருந்து 4 நானோமீட்டருக்கும் மேல் தள்ளி. தலையின் ஒரு பகுதி ஏறத்தாழ 90 பாகை திரும்புகிறது, அது சுருள்களை இழுத்துச் சாய்க்கிறது. உட்பக்கக் கதவு முதலில் மூடும், அப்புறம்தான் மறுபக்கம் திறக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. சோடியம்-பொட்டாசியம் பம்பும் இதே முறையில்தான் ஓர் ஏடிபி-க்கு 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது.

புரதம் முதலில் மடிந்துவிட்டு, பிறகு சவ்வுக்குள் நுழைகிறதா?

அப்படியில்லை. புரதம் கட்டும் ரைபோசோம் சங்கிலியைக் கோக்கக் கோக்கவே அது எண்டோபிளாஸ்மிக் வலையின் (செல்லுக்குள் இருக்கும் சவ்வு வலைப்பின்னல்) சவ்வில் உள்ள ஒரு வாயிலுக்குள் போகிறது. அந்த வாயிலுக்குப் பக்கவாட்டிலும் ஒரு திறப்பு உண்டு. எண்ணெய்த்தன்மை கொண்ட துண்டுகள் அதன் வழியாகக் கொழுப்புக்குள் நழுவிவிடும். நேர்மின்னேற்றம் கொண்ட அமினோ அமிலங்களான லைசின், அர்ஜினின் நிறைந்த, சுருள்களை இணைக்கும் வளைவுகள் பெரும்பாலும் செல்லின் உட்பக்கமே தங்கும். குன்னர் வான் ஹெய்னே 1986-ல் கண்டு சொன்ன விதி இது.

எல்லாப் பம்புகளுக்கும் 10 சுருள்களா?

இல்லை. ஒளியால் புரோட்டானை வெளியேற்றும் பாக்டீரியோரொடாப்சினுக்கு 7. ஹெண்டர்சனும் அன்வினும் 1975-ல் எலக்ட்ரான் நுண்ணோக்கி மூலம் அந்த ஏழையும் காட்டினார்கள். அங்கே ஏடிபி-யும் இல்லை, பெரிய தலையும் இல்லை. நடுவில் மாட்டியிருக்கும் ரெட்டினால் மூலக்கூறு ஒளி பட்டதும் வளைகிறது, அந்த வளைவே புரோட்டானை நகர்த்தப் போதுமானதாக இருக்கிறது.