ரோமப் பேரரசின் தொடக்கக் காலம்: அதிகாரம் யார் கையில் இருந்தது? – கேள்வி பதில்

அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரை, அதாவது கி.மு. 27 தொடங்கி ஏறத்தாழ நூறு ஆண்டுகள், ரோமை எப்படி ஆண்டார்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், அகஸ்டஸ்தான் முதல் பேரரசர் என்று படிக்கிறோம். ஆனால் அவர் குடியரசை மீட்டுக் கொடுத்ததாகச் சொல்லிக்கொண்டார் என்றும் வருகிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஜூலியஸ் சீசர் கி.மு. 44இல் வாழ்நாள் முழுவதற்குமான சர்வாதிகாரி ஆனார். சில வாரங்களிலேயே செனட் என்ற மேட்டுக்குடி அவையின் உறுப்பினர்கள் அவரைக் குத்திக் கொன்றார்கள். அவருடைய வாரிசான ஆக்டேவியன் (பின்னாளில் அகஸ்டஸ்) இதை மறக்கவில்லை. கி.மு. 31இல் ஆக்டியம் கடற்போரில் தன் போட்டியாளர் ஆண்டனியையும் எகிப்தின் அரசி கிளியோபாட்ராவையும் தோற்கடித்த பிறகு அவரை எதிர்க்க ஆளே இல்லை. அப்போதுகூட அவர் அரசன் என்ற பட்டத்தின் பக்கம் போகவில்லை.

கி.மு. 27 ஜனவரியில் தன்னிடம் இருந்த அதிகாரத்தையெல்லாம் செனட்டிடமும் மக்களிடமும் திருப்பித் தருவதாக அறிவித்தார். செனட் அதை ஏற்றுக்கொண்டு, ஸ்பெயினின் பெரும்பகுதி, கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி), சிரியா ஆகிய பகுதிகளைப் பத்தாண்டுக்கு அவர் பொறுப்பில் விட்டது. அகஸ்டஸ் என்ற பெயரையும் கொடுத்தது. பெரும்பாலான லெஜியன் படைகள் (ரோமின் முதன்மைக் காலாட்படைப் பிரிவுகள்) நின்றது அந்தப் பகுதிகளில்தான். ரோமில் ஆண்டுதோறும் கான்சல் என்ற மிக உயர்ந்த பதவிக்குத் தேர்தல் நடந்தது, செனட் கூடியது, எல்லாம் பழையபடியே. படை மட்டும் ஒருவர் கையில்.

தன் சாதனைகளைப் பட்டியலிட்டு அவர் எழுதியது துருக்கியின் அங்காராவில் ஒரு கோயில் சுவரில் இன்றும் இருக்கிறது. செல்வாக்கில் எல்லோரையும் மிஞ்சினேன், பதவி அதிகாரத்தில் சக பதவியாளர்களைவிட எனக்கு எதுவும் கூடுதலாக இல்லை என்று அதில் சொல்கிறார். இதை வெறும் ஏமாற்று என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பழைய குடும்பங்கள் மரியாதை குறையாமல் அவரோடு சேர்ந்து வேலை செய்ய இந்த ஏற்பாடுதான் வழி விட்டது. உள்நாட்டுப் போர்களில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தலைமுறை அது. அவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

கேள்வி: அப்படியானால் சட்டப்படி அவர் என்ன பதவியில் இருந்தார்?

பதில்: கி.மு. 31 முதல் 23 வரை ஆண்டுதோறும் கான்சல். 23இல் அதை விட்டுவிட்டார். அதற்குப் பதிலாக இரண்டு அதிகாரங்கள் வந்தன. முதலாவது, சாதாரண மக்களின் பிரதிநிதிகளான ட்ரிப்யூன்களுக்கு உரிய அதிகாரம்: செனட்டைக் கூட்டலாம், மசோதா கொண்டுவரலாம், எந்த அதிகாரியின் செயலையும் தடுக்கலாம், அவர்மேல் யாரும் கை வைக்க முடியாது. இரண்டாவது, மற்ற ஆளுநர்களுக்கு மேலான படை அதிகாரம்.

கவனியுங்கள், அவர் ட்ரிப்யூன் ஆகவில்லை. பட்ரீசியன் என்ற உயர்குடியைச் சேர்ந்தவர் ட்ரிப்யூனாக முடியாது. அதனால் பதவி இல்லாமல் அதன் அதிகாரத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். என்னைக் கேட்டால், இந்த ஆட்சிமுறையின் உயிர்நாடியே இதுதான். பேரரசர் என்று ஒரு பதவியே சட்டத்தில் கிடையாது. தனித்தனி அதிகாரங்கள் ஒரே ஆளிடம் குவிந்திருந்தன, அவ்வளவுதான். இதன் விளைவைக் கடைசிக் கேள்வியில் பார்ப்போம்.

கேள்வி: செனட் வெறும் பொம்மையா?

பதில்: இல்லை. சுமார் 600 பேர், ஒவ்வொருவருக்கும் குறைந்தது 10 லட்சம் செஸ்டெர்ஸ் (ரோம நாணயம்) சொத்து. ஆளுநர்கள், படைத்தலைவர்கள் பெரும்பாலும் இவர்களிலிருந்துதான் வந்தார்கள். கி.பி. 14இல் அகஸ்டஸுக்குப் பின் டைபீரியஸ் ஆட்சிக்கு வந்ததும் உயர் பதவிகளுக்கான தேர்தல் மக்கள் மன்றத்திலிருந்து செனட்டுக்கு மாறியது. தேசத்துரோக வழக்குகளையும் செனட்டே விசாரித்தது. ஆனால் பேரரசருக்குப் பிடிக்காததைச் சொல்லும் துணிச்சல் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே போனது.

கேள்வி: பைபிளில் வரும் பொந்தியு பிலாத்து இந்த அமைப்பில் எந்த இடத்தில் வருகிறார் அண்ணா?

பதில்: நல்ல கேள்வி. மாகாணங்கள் இரண்டு வகை. ஆப்பிரிக்கா, ஆசியா போன்றவை செனட்டின் மாகாணங்கள். அங்கே முன்னாள் கான்சல் அல்லது பிரீட்டர் (கான்சலுக்கு அடுத்த பதவி) ஒருவர் சீட்டுக் குலுக்கித் தேர்வாகி ஓராண்டு ஆள்வார். சிரியா போன்றவை பேரரசரின் மாகாணங்கள். அங்கே அவருடைய பிரதிநிதியாக ஒரு செனட்டர் போவார், பேரரசர் விரும்பும்வரை இருப்பார்.

சில சிறிய பகுதிகளுக்கு செனட்டுக்கு அடுத்த தட்டான குதிரைவீரர் வகுப்பிலிருந்து ஆள் அனுப்பினார்கள். இந்த வகுப்புக்குச் சொத்து வரம்பு 4 லட்சம் செஸ்டெர்ஸ். யூதேயா அப்படிப்பட்ட இடம். கி.பி. 6இல் அங்கே ஏரோதின் மகன் அர்கெலாவை நீக்கிவிட்டு நேரடி ஆட்சி கொண்டுவந்தார்கள். சிரியாவின் ஆளுநர் குவிரினியஸ் வரிக்காகக் கணக்கெடுப்பு நடத்தினார். பிலாத்து அங்கே கி.பி. 26 முதல் 36 வரை இருந்தார். 1961இல் செசரியாவில் கிடைத்த கல்வெட்டு அவரை யூதேயாவின் பிரிஃபெக்ட், அதாவது இந்த வகை ஆளுநர், என்றே குறிக்கிறது. அவரிடம் லெஜியன் எதுவும் கிடையாது, துணைப்படைகள்தான். லெஜியன்கள் சிரியாவில் இருந்தன. கடைசியில் அவரைப் பொறுப்பிலிருந்து இறக்கி ரோமுக்கு அனுப்பியவரும் சிரியாவின் ஆளுநர் விட்டெல்லியஸ்தான்.

கேள்வி: இவ்வளவு பெரிய படைக்குச் சம்பளம் எங்கிருந்து?

பதில்: சாதாரண லெஜியன் வீரனுக்கு ஆண்டுக்கு 225 டெனாரியஸ், அதாவது 900 செஸ்டெர்ஸ். அதைவிடப் பெரிய தலைவலி, ஓய்வு பெறும்போது கொடுக்க வேண்டிய தொகை. குடியரசின் கடைசிக் காலத்தில் அதற்காக வீரர்கள் தங்கள் தளபதியையே நம்பி இருந்தார்கள், அவர் சொன்னால் ரோமின் மேலேயே படையெடுத்தார்கள். கி.பி. 6இல் அகஸ்டஸ் இதற்கென்று தனிக் கருவூலம் தொடங்கி, தன் பணத்திலிருந்து 17 கோடி செஸ்டெர்ஸ் போட்டார். தொடர்ந்து பணம் வர, ரோமக் குடிமக்களின் வாரிசுச் சொத்துக்கு 5 சதவீதம், ஏல விற்பனைக்கு 1 சதவீதம் வரி. நெருங்கிய உறவினருக்கு விலக்கு உண்டு. பணக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அப்படியானால் நிலத்துக்கும் வீட்டுக்கும் வரி போடட்டுமா என்று அவர் கேட்டதும் அடங்கினார்கள். உள்நாட்டுப் போருக்கு அணை போட்டதில் ஆக்டியம் வெற்றியைவிட இந்தக் கருவூலத்துக்குப் பங்கு அதிகம் என்பது என் கருத்து.

கேள்வி: கோவைப் பக்கம் ரோம நாணயங்கள் கிடைத்தனவே, அதற்கும் இந்த ஆட்சிக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. வெள்ளலூர் போன்ற கொங்கு நாட்டு ஊர்களில் கிடைத்தவற்றில் அகஸ்டஸ், டைபீரியஸ் கால வெள்ளி நாணயங்கள் நிறைய. மிளகு போன்ற சரக்குகள் முசிறியிலிருந்து செங்கடல் வழியாக எகிப்துக்குப் போயின. அந்த எகிப்து மற்ற மாகாணங்களைப் போல இல்லை. ரோமுக்கான தானியத்தில் கணிசமான பங்கு அங்கிருந்து வந்ததால், பேரரசரின் அனுமதி இல்லாமல் எந்த செனட்டரும் அங்கே கால் வைக்கக்கூடாது. குதிரைவீரர் வகுப்பைச் சேர்ந்த ஒருவர்தான் ஆண்டார். கிழக்கிலிருந்து வந்த சரக்குக்கு அங்கே 25 சதவீதச் சுங்கம் வாங்கினார்கள். அதாவது நம் மிளகும் ரோமின் கருவூலத்தை நிரப்பியது.

கேள்வி: ஐயா, இவ்வளவு திட்டமிட்டவர்கள் வாரிசு விஷயத்தில் ஏன் கோட்டைவிட்டார்கள்?

பதில்: சட்டத்தில் இல்லாத பதவிக்குச் சட்டப்படி வாரிசு எப்படி வைக்க முடியும்? அகஸ்டஸ் செய்ய முடிந்ததெல்லாம், தான் தேர்ந்தெடுத்தவருக்குத் தன் சொத்தையும் பெயரையும் கொடுத்து, ட்ரிப்யூன் அதிகாரத்தையும் வாங்கித் தருவதுதான். மருமகன் மார்செல்லஸ், நண்பர் அக்ரிப்பா, பேரன்கள் லூசியஸ், கையஸ் என்று ஒவ்வொருவராக இறந்தார்கள். கி.பி. 4இல் டைபீரியஸைத் தத்தெடுத்தார்.

கி.பி. 41இல் டைபீரியஸுக்குப் பின் வந்த பேரரசர் கலிகுலா கொல்லப்பட்டபோது குடியரசைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று செனட் பேசிக்கொண்டிருந்தது. அதற்குள் பேரரசரின் பிரிட்டோரியன் காவல்படை, அரண்மனையில் ஒளிந்திருந்த கலிகுலாவின் சித்தப்பா கிளாடியஸைத் தூக்கிக்கொண்டு தன் முகாமுக்குப் போய்விட்டது. தலைக்கு 15,000 செஸ்டெர்ஸ் தருவதாக அவர் வாக்குக் கொடுத்தார். செனட் அதற்கு மேல் என்ன செய்யும்? ஒப்புக்கொண்டது.

68இல் கிளாடியஸுக்குப் பின் வந்த நீரோ தற்கொலை செய்துகொண்டதும் அகஸ்டஸின் குடும்ப ஆட்சியே முடிந்தது. அப்புறம் படை வைத்திருந்த ஒவ்வொருவரும் முயன்றார்கள். ஸ்பெயினிலிருந்து கல்பா, காவல்படையைக் கையில் போட்டுக்கொண்டு ஓத்தோ, ரைன் எல்லையிலிருந்து விட்டெல்லியஸ் (பிலாத்துவை இறக்கியவரின் மகன்), கிழக்கிலிருந்து வெஸ்பாசியன். கடைசியில் நின்றவர் வெஸ்பாசியன். அவருக்காக ஒரு சட்டம் இயற்றி, உடன்படிக்கை செய்வது, செனட்டைக் கூட்டுவது என்று அதிகாரங்களை வரிசையாக எழுதிவைத்தார்கள். அந்த வெண்கலப் பலகையின் ஒரு பகுதி ரோமின் கேபிடோலைன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்தச் சட்டம் வருவதற்கு முன்னால் அவர் செய்ததெல்லாமும் மக்கள் ஆணைப்படி செய்ததாகவே செல்லும் என்று அதில் ஒரு பிரிவு உண்டு. வெஸ்பாசியனோ தன் ஆட்சியை செனட் ஏற்ற டிசம்பரிலிருந்து எண்ணவில்லை. எகிப்துப் படைகள் அவரைப் பேரரசர் என்று முழங்கிய 69 ஜூலை 1ஆம் தேதியிலிருந்தே எண்ணினார்.